கைவிடப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும்

போன பிப்ரவரியில் வேலை நிமித்தமாகச் சிங்கப்பூரில் இருந்தேன். 15ஆம் தேதி மாலை, அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வெளியே திடீரென்று சைரன் ஒலித்தது. சின்னச் சத்தம் இல்லை. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஊளையிடுவது மாதிரி. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அறைத்தோழர் அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பயப்படாதீங்கண்ணே. வருசா வருசம் அடிப்பாங்க. வெள்ளைக்காரன் ஜப்பான்காரன்கிட்ட சரண்டர் ஆன நாள் இது” என்றார்.

அவர் மலேசியர். சுங்கை பட்டாணிப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தாத்தா சயாம் ரயில் பாதை போடப் போய் உயிரோடு திரும்பிய சிலரில் ஒருவர். அன்று இரவு சாப்பாடு ஆறிப்போகும்வரை அதையே பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர் கேட்டது இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. “இவங்களுக்கு சைரன் இருக்கு. ஆஸ்திரேலியாக்காரனுக்கு மியூசியம் இருக்கு. எல்லாரும் எங்களைக் கைவிட்டுட்டாங்கன்னு சொல்றாங்க. எங்க தாத்தா யாரைச் சொல்லணும்? ஓடிப்போன தொரையையா, ஜப்பான்காரனையா, பேரு எழுதிக் குடுத்த கிராணியையா?”

என் வீட்டிலும் ஒருவர் உண்டு. பாட்டியின் பெரியப்பா. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மலாயாவுக்குப் பால் மரம் வெட்டப் போனவர். அவரைப் பற்றிப் பாட்டி சொன்னதெல்லாம் ஒரே வாக்கியம்தான். “மலாயாவுலேருந்து சயாமுக்குப் போயிட்டாராம்.” யார் கூட்டிப் போனது, ஏன் திரும்பவில்லை என்பதெல்லாம் அந்த வாக்கியத்தில் இல்லை. அவராகவே கிளம்பிப் போனது மாதிரி ஒரு வினைச்சொல். கோபப்பட ஆள் யாரும் இல்லாத வாக்கியம்.

கைவிடுதல் என்று தமிழில் சொல்கிறோம். முதலில் கையைப் பிடித்திருந்தால்தானே விடமுடியும்? நண்பரின் கேள்வியும் பாட்டியின் வாக்கியமும் அந்த இடத்தில்தான் எனக்கு ஒன்றாகச் சேர்ந்தன. ஒரு கூட்டணி உடையும்போது யாருக்கெல்லாம் துரோகம் நடக்கிறது? அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமை யாருக்கு வாய்க்கிறது?

1

வாக்குறுதி என்னவாக இருந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனிடம் இரண்டு பெருங்கடற்படைகளை வைத்துக்கொள்ளப் பணம் இல்லை. எனவே ஒரு திட்டம் போட்டார்கள். சிங்கப்பூரில் பெரிய கடற்படைத் தளம் கட்டுவது. கப்பல்களை ஐரோப்பாவிலேயே வைத்திருப்பது. கிழக்கே ஜப்பானால் ஆபத்து வந்தால் அப்போது அனுப்புவது. தளம் 1938 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சுமார் 6 கோடி பவுண்டு செலவு. தளம் தயாராக இருந்தது. கப்பல்கள் வர வேண்டியதுதான் பாக்கி.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தங்கள் பாதுகாப்பை இந்தத் திட்டத்தின் மேல் கட்டின. கப்பல்கள் எத்தனை நாளில் வந்து சேரும் என்பதுதான் கேள்வி. முதலில் 42 நாள் என்றார்கள். பிறகு 70. 1939 கோடையில் 90. அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் தொடங்கியபோது 180. தீபாவளித் துணி தைக்கக் கொடுத்துவிட்டு டெய்லர் கடைக்கு நடையாய் நடந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். ‘தைக்க முடியாது’ என்று அவர் ஒருநாளும் சொல்லமாட்டார். நாளைத்தான் தள்ளுவார். வாக்குறுதிகள் பெரும்பாலும் ஒரே நாளில் உடைவதில்லை. இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக நைந்துபோகின்றன.

1940இல் பிரான்ஸ் வீழ்ந்தது, இத்தாலி போரில் குதித்தது. கிழக்குக்குக் கடற்படையை அனுப்புவது இப்போதைக்கு நடக்காது என்று பிரிட்டிஷ் தலைமைத் தளபதிகள் அந்த ஆகஸ்டில் எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். அந்த ரகசிய அறிக்கையின் ஒரு பிரதி ஆட்டோமெடான் என்ற கப்பலில் சிங்கப்பூருக்குப் போனது. நவம்பரில் ஜெர்மானியக் கப்பல் ஒன்று அதை இந்தியப் பெருங்கடலில் மடக்கியது. அறிக்கை ஜப்பானியர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. வாக்குறுதி வெறும் காகிதம் என்று எதிரிக்கு அத்தாட்சியோடு தெரிந்துவிட்டது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1941 டிசம்பர் 2ஆம் தேதி பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் சிங்கப்பூர் வந்தன. விமானந்தாங்கிக் கப்பல் துணைக்கு இல்லை. 10ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் இரண்டையும் குவாந்தான் அருகே கடலில் மூழ்கடித்தன. இருபது ஆண்டுகள் பேசிய வாக்குறுதி எட்டு நாளில் முடிந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று புக்கிட் திமா ஃபோர்டு தொழிற்சாலையில் சரணடைவு. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, இந்திய வீரர்கள் 80,000 பேருக்கு மேல் கைதானார்கள்.

2

இதைத் துரோகம் என்று சொன்னவர்கள் ஆஸ்திரேலியர்கள். 1942 ஜனவரி 23ஆம் தேதி கான்பெராவிலிருந்து சர்ச்சிலுக்கு ஒரு தந்தி போனது. பிரதமர் ஜான் கர்ட்டின் பெயரில் போனாலும் அதன் சூட்டில் வெளியுறவு அமைச்சர் எவாட்டின் கை இருந்தது. இத்தனை உறுதிமொழிகளுக்குப் பிறகு சிங்கப்பூரைக் காலி செய்வது மன்னிக்கமுடியாத துரோகமாகவே இங்கே கருதப்படும் என்பது அதன் சாரம். அதற்கு ஒரு மாதம் முன்பே, ஆஸ்திரேலியா இனி அமெரிக்காவைத்தான் நம்பியிருக்கும் என்று கர்ட்டின் மெல்பர்ன் பத்திரிகை ஒன்றில் எழுதியிருந்தார்.

நியாயமான கோபம்தான். ஆனால் இந்தக் கதையில் என்னை உறுத்தும் ஓர் இடம் உண்டு. 1936இல் கர்ட்டின் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். ஹென்றி விண்டர் என்ற ஆஸ்திரேலிய ராணுவ அதிகாரி, பிரிட்டனுக்கு ஐரோப்பாவில் கை கட்டப்பட்டிருக்கும் நேரம் பார்த்துத்தான் ஜப்பான் அடிக்கும், அப்போது கப்பல் வராது என்று வாதிட்டுவந்தார். கர்ட்டின் அந்த வாதத்தை நாடாளுமன்றத்திலேயே எடுத்துப் பேசினார். விண்டருக்கு என்ன கிடைத்தது தெரியுமா? கீழ்ப்பதவிக்கு மாற்றம். ஆறு வருடம் கழித்து அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து நடந்தது.

அப்படியென்றால், தான் நம்பாத ஒரு வாக்குறுதியால் ஒருவர் துரோகம் செய்யப்பட முடியுமா?

முடியாது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வீட்டு உதாரணம் ஒன்று ஞாபகம் வந்தது. அண்ணன் கடைசிக் காலத்தில் அப்பாவைப் பார்த்துக்கொள்வேன் என்கிறான். தம்பிக்கு உள்ளூரத் தெரியும், பார்த்துக்கொள்ளமாட்டான் என்று. ஆனாலும் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடுகிறான். ஏனென்றால் நம்புவது அவனுக்குச் செலவில்லாத வேலை. நம்பவில்லை என்று சொன்னால் அன்றைக்கே அவன் பொறுப்பெடுக்க வேண்டிவரும். பின்னால் அண்ணன் கைவிரிக்கும்போது தம்பி கதறுகிறான். அந்தக் கதறல் பொய் இல்லை. ஆனால் அதற்குள் கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் ஒளிந்திருக்கிறது. ஆஸ்திரேலிய அரசுகள் 1930களில் பெரும்பாலும் அந்தத் தம்பிதான். கப்பல் வரும் என்று நம்புவது படை திரட்டுவதைவிட மலிவாக இருந்தது.

பிரிட்டனின் குற்றம் என்ன? மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றுகிறது. முடியாமல் போவது ஒன்று. மனமில்லாமல் போவது இன்னொன்று. முடியாது என்று தெரிந்தபின் அதைப் பூசி மெழுகுவது மூன்றாவது. முதலாவது துரோகம் அல்ல. 1941இல் பிரிட்டனிடம் நிஜமாகவே கப்பல் இல்லை. இரண்டாவது விவாதத்துக்குரியது, ரஷ்யாவுக்கு நூற்றுக்கணக்கில் டாங்குகள் போய்க்கொண்டிருந்தபோது மலாயாவில் ஒரு டாங்குகூட இல்லை, ஆனால் ரஷ்யா வீழ்ந்தால் எல்லாமே போயிற்று என்ற கணக்கும் தவறில்லை. மூன்றாவதுதான் துரோகம். ஏனென்றால் அது அடுத்தவன் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் அவகாசத்தைத் திருடுகிறது. ‘என்னால முடியாதுப்பா, வேற வழி பாத்துக்கோ’ என்று சொல்பவன் கெட்ட நண்பனாக இருக்கலாம். ‘வந்துட்டே இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டிருப்பவன்தான் கழுத்தறுக்கிறான்.

3

அந்தத் தந்திக்கு ஒரு விளைவு இருந்தது. இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஜனவரி மூன்றாம் வாரத்தில் சர்ச்சில் ஒரு கேள்வி எழுப்பியிருந்தார். சிங்கப்பூர் எப்படியும் போகப்போகிறது. அங்கே இன்னும் ஆள் அனுப்பிப் பலி கொடுப்பதைவிட, அவர்களைப் பர்மாவுக்கு அனுப்பலாமா? ராணுவக் கணக்காகப் பார்த்தால் கேட்கவேண்டிய கேள்விதான். அந்த நேரத்தில்தான் துரோகம் என்ற சொல்லைத் தாங்கிய தந்தி வந்தது. அதுவும் ஒரு காரணமாக, பிரிட்டனின் 18ஆம் டிவிஷன் சிங்கப்பூரிலேயே இறக்கப்பட்டது. பெரும்பகுதி ஜனவரி 29 அன்று, கடைசிப் பகுதி பிப்ரவரி 5 அன்று. 15ஆம் தேதி சரணடைவு. கப்பலில் இருந்து இறங்கி, சில நாள் சண்டைபோட்டு, நேராகச் சிறைமுகாமுக்குப் போனார்கள். அங்கிருந்து பலர் சயாம் ரயில் பாதைக்கு.

வாக்குக் காப்பாற்றப்பட்டது. அல்லது வாக்குத் தவறவில்லை என்ற தோற்றம் காப்பாற்றப்பட்டது. விலை, அந்தத் தந்தியைப் படித்தே இராத ஆயிரக்கணக்கான சிப்பாய்கள்.

நமக்குச் செஞ்சோற்றுக் கடன் என்றதும் கர்ணன் நினைவுக்கு வருகிறான். தோற்கும் பக்கம் என்று தெரிந்தும் நண்பனை விட்டுப் போகாதவன். அவனைக் கும்பிடுகிறோம். ஆனால் கர்ணன் தன் உயிரைக் கொடுத்துக் கடன் அடைத்தான். ஒரு பிரதமர் தன் வாக்கை மற்றவர்களின் பிள்ளைகளைக் கொண்டுதான் காப்பாற்ற முடியும். தனிமனித நட்பின் அறத்தை அப்படியே நாடுகளுக்குத் தூக்கிப்போட முடியாமல் போவது இங்கேதான். கெட்ட காலத்தில் விட்டுப்போனவரின் நட்பைச் சாகும் தருவாயில் நினைத்தாலும் நெஞ்சு வேகும் என்று வள்ளுவர் நட்பாராய்தலில் சொல்கிறார். சுடும் நெஞ்சு யாருடையது என்று ஒரு நாட்டிடம் எப்படிக் கேட்பது?

அடுத்த மாதமே காட்சி தலைகீழானது. மத்தியக் கிழக்கிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் 7ஆம் டிவிஷனை ரங்கூனுக்குத் திருப்பிவிடும்படி சர்ச்சில் கேட்டார். ரூஸ்வெல்ட்டும் கேட்டார். கர்ட்டின் முடியாது என்றார். அனுமதி வாங்காமலே சர்ச்சில் கப்பல்களை ரங்கூன் பக்கம் திருப்ப, கர்ட்டின் விடாப்பிடியாக நின்று அவற்றை வரவழைத்தார். மார்ச் 8ஆம் தேதி ரங்கூன் வீழ்ந்தது. அந்த மாதங்களில் பர்மாவிலிருந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே கிளம்பினார்கள். தமிழர்கள் அதில் ஏராளம். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

அந்த டிவிஷன் போயிருந்தால் ரங்கூன் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. 18ஆம் டிவிஷனின் கதிதான் அதற்கும் நேர்ந்திருக்கக்கூடும். கர்ட்டின் செய்தது சரி என்றே நினைக்கிறேன். அவரை ஆஸ்திரேலியர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள், ரங்கூன்வாசிகள் அல்ல. ஆனால் அதே நியாயம் ஜனவரியில் சர்ச்சிலுக்கும் பொருந்தும் அல்லவா? ஆஸ்திரேலியாவில் அந்த பிப்ரவரி, ஒரு தலைவர் பெரியண்ணனுக்குப் பணியாத வீரக்கதை. ரங்கூனில் நின்று பார்த்தால் அதுவும் வராத கப்பல்தான். அந்தக் கதையைச் சொல்ல, நடந்து வந்த அகதிகளுக்கு ஒரு நாடாளுமன்றம் இருக்கவில்லை.

4

துரோகத்தின் நினைவுக்கு அரசியலில் நல்ல விலை உண்டு. 1992 பிப்ரவரியில் ஆஸ்திரேலியப் பிரதமர் பால் கீட்டிங் நாடாளுமன்றத்தில் வெடித்தார். மலாயாவையும் சிங்கப்பூரையும் காக்க வேண்டாம் என்று முடிவெடுத்த நாட்டின் காலடியிலேயே இன்னும் கிடக்கிறீர்களே என்பது எதிர்க்கட்சி மேல் அவர் வைத்த குற்றச்சாட்டு. ஆஸ்திரேலியாவைக் குடியரசாக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். ஏப்ரலில் பப்புவா நியூ கினியின் கொக்கோடாவுக்குப் போய் மண்டியிட்டு மண்ணை முத்தமிட்டார். பிரிட்டனுக்காகச் செத்த கல்லிப்போலி இல்லை, தங்களுக்காகப் போரிட்ட கொக்கோடாதான் நம் புனித பூமி என்பது அதன் பொருள். ஐம்பது வருடப் பழைய காயம் ஒரு புதிய அரசியலுக்குக் கையிருப்பாக உதவியது.

கீட்டிங்கைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய அப்பாவின் கூடப்பிறந்தவரே சிங்கப்பூரில் கைதாகிப் போர்க்கைதியாக இறந்தவர். ஜப்பானியர் பிடித்த சுமார் 22,000 ஆஸ்திரேலியர்களில் 8,000 பேர் திரும்பவில்லை. ஒரு சிறிய மக்கள்தொகைக்கு அது தெருவுக்குத் தெரு இழவு. ஆனால் துரோகக் கதையில் சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிடுகின்றன. அதே சிங்கப்பூரில் பிரிட்டிஷ் வீரர்களும் பல்லாயிரக்கணக்கில் கைதானார்கள். ஆஸ்திரேலியத் தளபதி கோர்டன் பென்னட் சரணடைந்த இரவே தன் ஆட்களை விட்டுவிட்டுப் படகேறித் தப்பினார். அது நியாயமில்லை என்று பின்னால் விசாரணையில் முடிவானது. ‘நாங்கள் கைவிடப்பட்டோம்’ என்ற ஒற்றை வாக்கியத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. அது ரொம்ப வசதியான வாக்கியம். அதைச் சொன்ன மாத்திரத்தில் நாம் செய்த தவறுகளைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒரே நிகழ்வு இரண்டு நாடுகளுக்கு இரண்டு பாடம் சொன்னது என்பதும் கவனிக்கவேண்டியது. ஆஸ்திரேலியா கற்றது: இந்தக் காவலன் சரியில்லை, வேறு பெரிய காவலனைப் பிடி. சிங்கப்பூர் கற்றது: காவலன் என்று யாருமே இல்லை. வெள்ளையர் வீழ்ந்த நாளில் லீ குவான் யூவுக்கு 18 வயது. அந்த மூன்றரை ஆண்டுகள்தாம் தன் அரசியலை உருவாக்கின என்று பிற்பாடு பலமுறை சொன்னார். 1967இல் கட்டாய ராணுவ சேவை வந்தது. அடுத்த ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. நான் கேட்ட சைரன் அந்தப் பாடத்தின் ஒலி. 1942 இரண்டு நாட்டுக்கும் ஒன்றுதான். அவரவருக்கு வேண்டிய பாடத்தை அவரவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

5

இனி நண்பரின் தாத்தாவுக்கு வருகிறேன்.

1941 டிசம்பர் 11ஆம் தேதி பினாங்கின் ஜார்ஜ் டவுன் மேல் குண்டு விழுந்தது. 16ஆம் தேதி இரவு அங்கிருந்த ஐரோப்பியர்கள் சத்தமில்லாமல் படகேறினார்கள். சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் தமிழர்களுக்கும் யாரும் சொல்லவில்லை. பினாங்கு மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டுவிட்டனர் என்ற பொருள்படச் சிங்கப்பூர் வானொலியில் அமைச்சர் டஃப் கூப்பர் பேசினார். அவர் மனக்கணக்கில் மக்கள் என்றால் யார் என்பது அந்தப் பேச்சிலேயே வெளிப்பட்டுவிட்டது.

ஊரில் மிச்சமிருந்தவர்களில் ஒருவர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர், ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியர். காலியான ஊரை இன்னமும் குண்டுபோட்டுக்கொண்டிருந்தார்கள். கார்ன்வாலிஸ் கோட்டைக் கொடிமரத்தில் பிரிட்டிஷ் கொடி பறந்துகொண்டேயிருந்தது. அவர் போய் அதை இறக்கினார். வெள்ளைக்கொடி ஏற்றினார். ஊரில் படை இல்லை என்று வானொலியில் அறிவித்தார். பல இனத்தவரும் சேர்ந்த ஒரு குழு ஊரைப் பார்த்துக்கொண்டது. பேரரசு தன் கொடியைக்கூட இறக்காமல் போய்விட்டது. அதை இறக்கும் வேலையும் ஆளப்பட்டவன் தலையில் விழுந்தது.

இது கூட்டணித் தோல்விகளின் பட்டியலில் வராது. காரணம் எளியது. பினாங்குத் தமிழனோடு யாரும் கூட்டணி வைக்கவில்லை. ஆஸ்திரேலியா துரோகம் என்று தந்தி அடிக்க முடிந்தது, ஏனென்றால் அதற்கு வாக்கு கொடுக்கப்பட்டிருந்தது. கோபப்படுவதற்கு ஒரு முகவரி இருந்தது. தோட்டத் தொழிலாளிக்குத் துரை எதையும் வாக்களிக்கவில்லை. அவன் பேரரசின் கூட்டாளி இல்லை, அதன் கணக்குப் புத்தகத்தில் ஒரு செலவு. வாக்கே கொடுக்காதவன் எப்படி வாக்குத் தவறுவான்?

தவறினான் என்றே சொல்வேன். ஒருவனை அவன் ஊரிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து, நம் கொடியின் கீழ் நிறுத்தி, நம் சட்டத்துக்குக் கட்டுப்படவைத்து, அவன் தற்காப்புக்கு வழியே இல்லாமல் செய்திருக்கிறோம். அந்தச் செயலுக்குள்ளேயே சொல்லாத வாக்கு ஒன்று இருக்கிறது. கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைவிட அதற்குக் கனம் அதிகம். ஒப்பந்தம் போட்டவன் ஏமாந்தால் அடுத்த ஒப்பந்தம் போடுவான். ஒப்பந்தமே போட முடியாத நிலையில் வைக்கப்பட்டவனுக்கு அந்தச் சொல்லாத வாக்குதான் எல்லாமே.

1942 பிப்ரவரி 17ஆம் தேதி சிங்கப்பூர் ஃபேரர் பூங்காவில் 40,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் திரட்டப்பட்டார்கள். அவர்களுடைய பிரிட்டிஷ் அதிகாரிகளை ஏற்கெனவே தனியாகப் பிரித்தாகிவிட்டது. ஒரு பிரிட்டிஷ் அதிகாரி எழுந்து, இனி ஜப்பானியர் சொல்படி கேளுங்கள் என்று சொல்லி அவர்களை மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். மாட்டுச் சந்தையில் கயிறு கைமாறுவது போல உணர்ந்தோம் என்ற வகையில் அங்கிருந்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். அந்த மைதானத்தில்தான் மோகன் சிங் பேசினார். இந்திய தேசிய ராணுவத்தின் விதை அங்கே விழுந்தது.

6

இதுவரை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது. கைவிட்டவன் வெள்ளைக்காரன், கைவிடப்பட்டவர்கள் நாம். இங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல கட்டுரை என்று நாலு பேர் பகிர்ந்திருப்பார்கள். ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் உண்டு. ராணுவ உடையில் நேதாஜி. தாத்தா மாட்டியது. அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் பாட்டி தன் பெரியப்பா சயாமுக்குப் போன வாக்கியத்தைச் சொல்வார்.

சயாம்-பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். சுமார் 60,000 போர்க்கைதிகள் வேலை செய்தார்கள். 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். வர மறுத்தவர்களைப் பிடித்துப்போனார்கள். காலரா, மலேரியா, பசி, அடி. போர்க்கைதிகளுக்குத் தங்கள் ராணுவ மருத்துவர்களாவது கூட இருந்தார்கள். இவர்களுக்கு அதுவும் இல்லை.

பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபர் 17ஆம் தேதி இணைந்தன. நான்கு நாள் கழித்து, அக்டோபர் 21ஆம் தேதி, சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் சுபாஷ் சந்திர போஸ் ஆசாத் ஹிந்த் அரசைப் பிரகடனம் செய்தார். அதற்கு நேச நாடு ஜப்பான். அதே தோட்டங்களிலிருந்துதான் ஜான்சி ராணிப் படைக்குப் பெண்கள் போனார்கள். கூலிக்காரி என்று கூப்பிடப்பட்டவள் முதல்முறையாகத் துப்பாக்கி பிடித்து நிமிர்ந்து நின்றாள். அந்த நிமிர்வு பொய் இல்லை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அவளுடைய அண்ணனோ அப்பாவோ அந்த நேரத்தில் நம் நேச நாட்டின் சவுக்கடியில் சிலீப்பர் கட்டை சுமந்துகொண்டிருந்திருக்கலாம்.

இதைச் சொல்வது போஸைக் கூண்டில் ஏற்றுவதற்காக இல்லை. வலுவில்லாதவன் வலுவுள்ளவனோடு கூட்டணி வைக்கும்போது கண்ணை எங்கெங்கே மூடிக்கொள்ள நேர்கிறது என்று பார்ப்பதற்காக. ஆனால் அந்த நேரத்துக் கட்டாயம் வேறு, பிற்பாட்டு ஞாபகம் வேறு. எண்பது வருடமாக நாம் படத்தை மாட்டிவைத்திருக்கிறோம். ரயில் பாதையை மாட்டவில்லை. பிரிட்டன் கைவிட்டதைச் சொன்னால் தேசபக்தி. ஜப்பானோடு நாம் வைத்த கூட்டணி நம் ஏழைகளை எங்கே விட்டது என்று கேட்டால் சங்கடம். ஆஸ்திரேலியர்கள் பென்னட்டின் படகை மறந்த மாதிரிதான் இதுவும்.

அதற்கும் கீழே இன்னொரு அடுக்கு. “பேரு எழுதிக் குடுத்த கிராணி” என்று நண்பர் சொன்னாரே, அந்த அடுக்கு. பல தோட்டங்களில் ஆள் கணக்குக் கேட்டபோது பட்டியல் தயாரித்தவர்கள் நம் ஆட்கள். கிராணி, கங்காணி. யார் பெயர் முதலில் போயிருக்கும்? ஆதரவில்லாதவன், தனிக்கட்டை, கங்காணியோடு சண்டை போட்டவன். என் பாட்டியின் பெரியப்பாவும் தனிக்கட்டைதான்.

7

காஞ்சனபுரியில் போர்க்கல்லறை ஒன்று இருக்கிறது. புல்வெளி, வரிசை வரிசையாகப் பெயர்ப்பலகைகள், கிட்டத்தட்ட 7,000 போர்க்கைதிகள். அந்தப் பாதையில் பாறையைக் குடைந்து வெட்டிய ஓரிடத்தில் ஆஸ்திரேலிய அரசு 1998இல் அருங்காட்சியகம் திறந்தது. ஏப்ரல் 25 விடியற்காலையில் அங்கே அஞ்சலி நடக்கிறது. நண்பர் தன் அப்பாவோடு ஒருமுறை போயிருக்கிறார். “அப்பா ஒவ்வொரு கல்லா படிச்சிட்டே போனாரு. இங்க நம்ம ஆளுங்க இருக்கமாட்டாங்கன்னு அவருக்கும் தெரியும். இருந்தாலும் படிச்சாரு.”

ராணுவத்துக்குப் பெயர்ப்பட்டியல் உண்டு. அதனால் கல் உண்டு. கல் இருப்பதால் அஞ்சலி உண்டு. அஞ்சலிக்குப் பிரதமர் வருவார், பேசுவார், ஒரு தேசிய நினைவு உண்டாகும். கூலிக்குப் பட்டியல் ஏற்றும்போது மட்டும்தான் இருந்தது. தமிழில் இந்த நினைவைத் தாங்கிப் பிடித்தவை நாவல்கள்தாம். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’. இரண்டையும் எழுதியவர்கள் மலேசியத் தமிழர்கள். அரசு எழுப்பாத கல்லை எழுத்தாளர்கள் எழுப்பினார்கள்.

நமக்கும் ஒரு சைரன் வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கலாம். ஆனால் துரோகத்தின் நினைவு எதற்கெல்லாம் பயன்படும் என்று இவ்வளவு பார்த்தபின் எனக்கு ஒரு தயக்கமும் இருக்கிறது. கைவிடப்பட்டோம் என்ற வாக்கியத்தை ஒரு சமூகம் கையில் எடுத்தால், அதற்குள் தான் கைவிட்டவர்களையும் சேர்த்து எழுதவேண்டும். இல்லையென்றால் அது இன்னொரு கொடிமரம்தான்.

அதனால் நண்பருக்கு என் பதில் இது. தாத்தா எல்லாரையும் சொல்லலாம். கொடியை இறக்காமல் ஓடிய துரையை, மூன்று மாதம் என்று பொய் சொன்ன ஜப்பான்காரனை, பட்டியல் எழுதிய கிராணியை, படத்தை மட்டும் மாட்டிக்கொண்ட என் தாத்தாவை. யாரும் அவருக்கு வாக்கு கொடுக்கவில்லை என்பது அவர்களுக்குச் சாதகமான வாதம் இல்லை. அதுவே முதல் குற்றம்.

போன மாதம் ஊருக்குப் போனபோது அம்மாவிடம், அந்தப் பெரியப்பாவின் பெயர் என்ன என்று கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. பாட்டி இருந்தவரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. சயாமுக்குப் போனவர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.